ஒரு இலை கூடப் போடுங்க!

திருப்பத்தூர் என்று சொன்னால் 'எந்தத் திருப்பத்தூர்?' என்று திருப்பிக் கேட்பது தமிழ்நாட்டு வழக்கம். சிவகங்கைப் பக்கம் ஒன்று இருக்கிறது. நான் சொல்வது ஜவ்வாது மலை அடிவாரத்துத் திருப்பத்தூர். 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போன மாவட்டத் தலைநகர். ரயில்வே பாஷையில் டி.பி.டி. கூட ஒரு 'ஒய்' சேர்த்தால் திருப்பதி. ஒரு எழுத்து மாறினால் மொட்டைதான்!

எங்கள் ஊர் இளைஞர்களில் பலருக்கு உத்தியோகம் சென்னையிலோ பெங்களூரிலோ. எனவே பக்கத்து ஜோலார்பேட்டை ஜங்ஷனும், 2002-லிருந்து இன்டர்நெட்டில் ரயில் டிக்கெட் விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி.யும் எங்களுக்குத் தாய்வீடு மாதிரி. அங்கே நீங்களும் பலமுறை அமுக்கிய ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு கூட்டல் குறி, பக்கத்தில் 'பயணியைச் சேர்'. அமுக்கியதும் பெயர், வயது, ஆணா பெண்ணா என்று ஒரு புது வரிசை கீழே முளைக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று என்றைக்காவது யோசித்தீர்களா?

ஸ்டேஷன் கவுன்ட்டரில் கொடுக்கிற காகிதப் படிவத்தை நினைத்துப் பாருங்கள். ஆறு பேருக்கு ஆறு வரி, அச்சடித்தே இருக்கும். தனியாகப் போகிற பிரம்மச்சாரிக்கும் அதே ஆறு வரிதான். மீதி ஐந்தும் 'இன்னும் கல்யாணம் ஆகலையா?' என்று முறைக்கும். காகிதம் வளராது. மனிதன்தான் காகிதத்துக்குத் தக்கபடி சுருங்கணும். கம்ப்யூட்டர் திரை அப்படியில்லை. ஆள் ஒன்று என்றால் ஒரு வரிசை, நாலு என்றால் நாலு. தட்காலுக்கு நாலு பேர், சாதாரண டிக்கெட்டுக்கு ஆறு பேர் என்பது ரயில்வேயின் சட்டம். திரைக்கு அந்தக் கஞ்சத்தனம் கிடையாது.

ஆரம்ப காலத்து வலைத்தளங்கள் இப்படி இல்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் சேதி எங்கோ இருக்கிற சர்வருக்குப் போகும். அது மொத்தப் பக்கத்தையும் புதிதாகத் தயாரித்து அனுப்பும். சாம்பாருக்கு உப்பு கேட்டதற்கு, மறுபடி முதலிலிருந்து சமைத்துக் கொண்டுவருகிற ஓட்டல்! 1995-ல் ஜாவாஸ்கிரிப்ட் வந்தது. அதைக் கொண்டு பக்கத்தின் ஒரு துண்டை மட்டும் சேர்க்கவும் எடுக்கவும் 1998-ல் பொதுவான விதிமுறை வந்தது. அடுத்த வருஷமே, பக்கத்தைக் கலைக்காமல் பின்வாசல் வழியாக சர்வரோடு பேசும் வசதியை மைக்ரோசாஃப்ட் தன் பிரவுசரில் வைத்தது. 2004-ல் ஜிமெயில் இதையெல்லாம் சேர்த்து அசத்தியபோதுதான் உலகம் 'அட!' என்றது.

இப்போதெல்லாம் அந்தத் துண்டுக்குப் பெயர் காம்பொனென்ட். எங்கள் தெருவில் ஒரு தம்பி வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு இந்த வேலை செய்கிறான். "காம்பொனென்ட்னா என்னப்பா?" என்றேன்.

"பந்தியில போடற இலைன்னு வெச்சுக்கங்கண்ணா" என்றான்.

பிடித்துக்கொண்டேன். கல்யாணப் பந்தியில் எல்லா இலையும் ஒரே மாதிரி. உப்பு இங்கே, கூட்டு அங்கே, அப்பளம் ஓரத்தில். உட்காருகிற ஆள்தான் வேறு வேறு. இலையின் அமைப்பை ஒருதரம் எழுதி வைத்துவிட்டால் போதும். ஆள் வந்தால் ஒரு இலை போடு, ஆள் போனால் எடு. இன்னொரு விருந்தாளி வந்துவிட்டார் என்று யாராவது பந்தலைப் பிரித்து மறுபடி கட்டுவார்களா? பழைய வலைத்தளங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தன.

பி.காம். படித்தவர்களுக்கு இது புதுசே இல்லை. 1986-ல் பிறந்த டாலி சாஃப்ட்வேரில் வவுச்சர் போட்டிருப்பீர்கள். ஒரு வரியை முடித்து என்டர் தட்டினால் அடுத்த வரி தானாக வந்து நிற்கும். 'உங்களுக்கு எத்தனை வரி வேண்டும்?' என்று முன்கூட்டியே அது கேட்டதே கிடையாது.

ஐந்தொகையில் கைவைக்காதே

தம்பி அடுத்துச் சொன்னதுதான் விஷயம். "திரையை நாம மாத்தவே கூடாதுண்ணா. பின்னாடி ஒரு பட்டியல் இருக்கும். அதை மட்டும்தான் மாத்தணும். திரை தானா மாறிக்கும்."

2013-ல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் என்ற கருவி பிரபலமாக்கிய சங்கதி இது. கணக்குப்பிள்ளை பாஷையில் சொல்கிறேன். வரவு செலவைப் பேரேட்டில் எழுதுகிறோம், ஐந்தொகை அதிலிருந்து வருகிறது. பேரேட்டைத் தொடாமல் ஐந்தொகையில் மட்டும் நேராக ஒரு எண்ணைத் திருத்துகிறவர்களும் உண்டு. அவர்கள் பிறகு தினசரிகளில் போட்டோவோடு வருவார்கள்!

படிவமும் அப்படியே. பயணிகள் பட்டியல்தான் பேரேடு. கூட்டல் குறியை அமுக்கினால் பட்டியலில் ஒரு ஆள் கூடுகிறார். திரை அதைப் பார்த்து இன்னொரு இலை போடுகிறது. பட்டியலில் இருக்கிறவரின் வயது எட்டு என்றால், குழந்தைக்குத் தனி பெர்த் வேண்டுமா என்ற கேள்வியும் சேர்ந்து முளைக்கிறது. 2016-லிருந்து 5 முதல் 11 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தனி பெர்த் கேட்டால் முழு டிக்கெட் என்பது ரயில்வே விதி. வயது 40 என்றால் அந்தக் கேள்வியே வராது. வரக்கூடாது.

ஜாங்கிரி யாருக்கு?

சேர்ப்பது சுலபம். நடுவிலிருந்து ஒருவரை எடுப்பதில்தான் வில்லங்கம்.

மறுபடி பந்திக்கு வாருங்கள். மூன்றாவது இலையில் பெரியப்பா. சர்க்கரை வியாதி. 'மூணாவது இலைக்கு ஜாங்கிரி வைக்காதே' என்று பரிமாறுகிறவரிடம் சொல்லியாகிவிட்டது. இரண்டாவது இலைக்காரர் எதிர்வரிசையில் தன் பங்காளியைப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகிறார். எல்லோரும் ஒரு இடம் நகர்கிறார்கள். பெரியப்பா இப்போது இரண்டாவது இலை. அவருக்கு ஜாங்கிரி விழுகிறது, அதுவும் இரண்டு! மூன்றாவது இலைக்கு வந்த சின்னப் பையன் ஜாங்கிரி கிடைக்காமல் அழுகிறான். குற்றம் யாருடையது? ஆளின் பெயரைச் சொல்லாமல் இலையின் எண்ணைச் சொன்னவருடையது.

அவசரத்தில் எழுதிய புரோகிராம்கள் இதையேதான் செய்கின்றன. ஒவ்வொரு வரிசையையும் 'இது இன்னாருடையது' என்று அடையாளம் வைக்காமல் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணி விடுகின்றன. இந்த அடையாளத்துக்கு ரியாக்டில் 'கீ' என்று பெயர், கொடுக்காவிட்டால் எச்சரிக்கும். கூகுளின் ஆங்குலர் 2023-ல் தன் புதிய முறையில் இதைக் கட்டாயமே ஆக்கிவிட்டது.

'இதெல்லாம் ஐ.டி.காரன் கவலை, நமக்கென்ன?' என்கிறீர்களா? என் நண்பர் ஒருவர் ஒரு தனியார் ஸ்லீப்பர் பஸ்ஸுக்கு இப்படி ஒரு படிவத்தில் பதிவு செய்தார். வரிசையாகத் தன் பெயர், தம்பி பெயர், அம்மா பெயர். அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் கீழ் பெர்த், ஆண்கள் இருவருக்கும் மேல் பெர்த். கடைசி நேரத்தில் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் வரிசையை நீக்கினார், பணம் கட்டினார். பஸ் ஏறினால் அம்மா பெயருக்கு நேராக மேல் பெர்த்! தம்பி போனாலும் தம்பியின் பெர்த் அங்கேயே உட்கார்ந்துகொண்டு அம்மாவின் கணக்கில் ஏறிவிட்டது.

கண்டக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்கதானே சார் இப்படிப் போட்டிருக்கீங்க!"

கீழ் பெர்த்திலிருந்த ஒரு கல்லூரிப் பையன் மனமிரங்கி இடம் மாறிக்கொடுத்ததால் அந்த இரவு கழிந்தது. புரோகிராம் செய்த தப்புக்குக் கைநாட்டு வைப்பது பயணிதான். பணம் நம்முடையது, முழங்கால் வலி நம்முடையது, பழியும் நம்முடையது.

இன்னொரு நல்ல விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லாத் துண்டுகளையும் முதலிலேயே இறக்காமல், கேட்கிறபோது மட்டும் கொண்டுவரும்படியும் எழுதலாம். புதூர்நாட்டுப் பக்கம் மலையேறும்போது செல்போனில் சிக்னல் ஒரு கோடாகத் தேயுமே, அங்கே இது பெரிய உபகாரம். ஏற்கெனவே இறங்கிவிட்ட துண்டு என்றால் கூட ஒரு வரிசை சேர்க்க சர்வரைக் கேட்கவே வேண்டாம். பிரவுசரே பார்த்துக்கொள்ளும்.

ஆபீஸ் டூர், பி.எஃப். வாரிசு, இன்ஷூரன்ஸ் என்று கூட்டல் குறி வைத்த படிவம் எதுவாக இருந்தாலும் ஒரு நிமிஷம் செலவழித்து இதைச் செய்து பாருங்கள். மூன்று பேரைச் சேருங்கள். மூவருக்கும் வேறு வேறு விவரம் கொடுங்கள். நடு ஆளை நீக்குங்கள். மூன்றாவது ஆளின் பெயர், வயது, தேர்வு எல்லாம் அவரோடேயே இருக்கிறதா? இருந்தால் எழுதின புண்ணியவானை வாழ்த்திவிட்டு மேலே போங்கள். இல்லையென்றால் பக்கத்தை மூடிவிட்டு, ஆட்களை முதலிலேயே முடிவு பண்ணிக்கொண்டு புதிதாக ஆரம்பியுங்கள். பணம் கட்டும் முன் எல்லா வரிசையையும் மேலிருந்து கீழே ஒருதரம் வாசியுங்கள்.

வாரிசு படிவம் என்றால் இரண்டு தரம் வாசியுங்கள். மனைவிக்கு எழுதிய பங்கு மச்சானுக்குப் போய்விட்டால், அப்புறம் வீட்டில் உங்களுக்கு இலையே விழாது!