பழைய குழாயும் புதிய இணைப்பும்

வீட்டைப் புதுப்பிக்கும்போது டைல்ஸின் நிறத்தை ஆராயும் நாம், சுவருக்குள் மறையும் குழாய் இணைப்பை மறந்துவிடுகிறோம். 20 மி.மீ. வெளிவிட்டமுள்ள பழைய பி.வி.சி. குழாயுடன், ஏறத்தாழ 16 மி.மீ. விட்டமே உள்ள அரை அங்குல சி.பி.வி.சி. குழாய் நேராகப் பொருந்தாது. இரண்டிற்கும் உரிய பசைகளும் வேறு. ஆகவே, ஒவ்வொன்றிலும் மரையுள்ள இணைப்பியை அதனதன் பசையால் ஒட்டி, பசை உலர்ந்தபின் டெஃப்லான் நாடா சுற்றி முறுக்குவதே முறை. பித்தளை மரையுள்ள இணைப்பி நெடுநாள் உழைக்கும். கறுப்பு எச்.டி.பி.இ. குழாயில் பசை பிடிக்காது; கம்ப்ரஷன் இணைப்பி வேண்டும். கீசரின் வெந்நீரைப் பழைய பி.வி.சி. குழாயில் செலுத்தலாகாது, அது 45 பாகை செல்சியசுக்கு உட்பட்ட நீருக்கே உரியது. அழுத்தச் சோதனையில் கசிவில்லை எனக் கண்ட பின்னரே சுவரைப் பூசுமாறு பரிந்துரைக்கிறோம். கடன் பெற்றுப் பதித்த டைல்ஸைத் தவணை முடியுமுன்னரே உடைக்க நேரலாகாது அல்லவா?