பெற்றோருக்குப் பின் யார் துணை?

பேசாத குழந்தைக்கு இரங்குவோர் உலகிற் பலர். மூன்று வயதுப் பிள்ளை பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பாராவிடின், ஊரார் ஒருவர் மருந்து சொல்வர். ஒருவர் கோயில் சொல்வர். மற்றொருவர் நல்ல பள்ளியையும் சொல்வர். அதே பிள்ளைக்கு முப்பது வயது நிரம்பிய பின்னரோ, அவனைப் பற்றிச் சொல்ல எவரிடமும் ஒன்றும் இருப்பதில்லை. பள்ளிக் கதவு மூடிவிடுகிறது. தந்தை முதுமையடைகிறார், தாய்க்கு முழங்கால் தளர்கிறது. 'நமக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?' என்னும் கேள்வி ஒன்றே அவ்வீட்டில் இரவும் பகலும் ஒலிக்கின்றது.

கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் முதலிய பாலக்காட்டு எல்லையூர்களிலும், மூணாறு, தேவிகுளம், பீருமேடு, குமுளி, வண்டன்மேடு முதலிய இடுக்கி மலைப்பகுதிகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்கேள்வி இரு மடங்கு கூர்மை உடையது. தேயிலைத் தோட்டத்தில் வேலை உள்ளவரைதான் லயத்தில் வீடு. ஓய்வு பெற்றவர் வீட்டை ஒப்படைத்தல் வேண்டும். நலமுள்ள மகன் வேறிடம் தேடிக்கொள்வான்; ஒரே பாதை, ஒரே தட்டு, ஒரே நேரம் என்று வாழும் மகன் எங்கே செல்வான்? தேனிப் பக்கமோ திருநெல்வேலிப் பக்கமோ உள்ள பூர்வீக ஊருக்குத் திரும்பினால், பழகிய இடமும் போகிறது. கேரள அரசின் உதவித்தொகையும் நின்றுவிடுகிறது. இத்தகையோருக்காக வாழ்நாளை ஒப்படைத்துப் பணி நடத்தியவர்களின் அனுபவம் நமக்கு யாது கற்பிக்கின்றது என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

ஆட்டிசம் என்பது யாது?

ஆட்டிசம் என்னும் சொல்லை மதியிறுக்கம் என்று தமிழிற் சிலர் எழுதுகின்றனர். அப்பெயர் முற்றும் பொருந்துவதன்று. ஏனெனில் அறிவு கூர்மையாக உள்ளவர்களிடத்தும் இந்நிலை காணப்படுகின்றது. பிறரோடு பழகுதலிலும் பேச்சிலும் வேறுபாடு, மாறாத ஒழுங்கில் பற்று, ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவை இதன் இயல்புகள். இது பிறவியிலேயே அமைந்த மூளை வளர்ச்சி வேறுபாடு. முன்னாளில் அன்பற்ற தாயே இதற்குக் காரணம் என்று படித்த மருத்துவர்களே கூறி வந்தனர். தம் மகனுக்கும் இந்நிலை இருந்த பெர்னார்ட் ரிம்லாண்ட் என்னும் அமெரிக்க உளவியலார், 1964-இல் நூல் எழுதி அக்கூற்றை மறுத்தார். முற்பிறவிப் பாவம் என்று நம்மவர் கூறுவதும் அதைப் போன்ற வீண்பழியே.

அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் மருத்துவராக இருந்த லியோ கன்னர், 1943-இல் 11 குழந்தைகளைக் குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் மருத்துவ நூல்களில் இடம் பெற்றது அதன் பின்னரே. அந்த 11 பேரும் வளர்ந்து என்ன ஆயினர் என்பதை அவரே 1971-இல் மீண்டும் ஆராய்ந்தார். பெரிய அரசு விடுதிகளில் விடப்பட்டோர் முன்னிருந்த திறனையும் இழந்து வாடியிருந்தனர். முதற் குழந்தையாகக் குறிக்கப்பெற்ற டொனால்ட் டிரிப்லெட்டின் வாழ்வோ வேறு விதமாக அமைந்தது. அவரைச் சிறுவயதில் ஓர் உழவர் குடும்பம் ஏற்றுக்கொண்டது. எதையும் எண்ணிக்கொண்டே இருக்கும் அவரது பழக்கத்தை அவர்கள் கடிந்து தடுக்கவில்லை. நிலத்தை உழும்போது சோள வரிசைகளை எண்ணச் சொன்னார்கள். கிணறு தோண்டச் சொல்லி ஆழத்தை அளந்து கூறச் சொன்னார்கள். பின்னாளில் அவர் தம் ஊர் வங்கியில் பல்லாண்டு வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், தனியே பயணங்கள் மேற்கொண்டார். 2023-இல், தம் 89-ஆம் வயதில், அவரை நன்கறிந்த ஊராரிடையே மறைந்தார். ஒரே நோய்க்குறிப்பில் தொடங்கிய வாழ்வுகள் இவ்வளவு வேறுபட்டமைக்கு, அவர்களுக்கு வாய்த்த சூழலும் ஒரு பெருங்காரணம் என்பதை எவர் மறுப்பார்?

மூணாற்றில் முளைத்த முயற்சி

நம் கண்ணெதிரே உள்ள சான்று ஒன்றைக் காண்போம். தேயிலைத் தொழிலாளரின் குழந்தைகளுள் உடலாலோ மனவளர்ச்சியாலோ குறைபாடுற்றோருக்காக, 1991-இல் மூணாற்றில் 'சிருஷ்டி' என்னும் அறநிலையம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர், டாட்டா தேயிலை நிறுவனத்தில் உயர் பொறுப்பு வகித்த ஆர். கே. கிருஷ்ணகுமாரின் துணைவியார் ரத்னா கிருஷ்ணகுமார். இது ஆட்டிசம் உடையோருக்கென்றே அமைந்த நிலையமன்று. பலவகைக் குறைபாடு உடையோரும் அங்குளர். எனினும் நம் மக்களிடையே, நம் மலையிலேயே, வளர்ந்தவர்களுக்காக நடைபெறும் பணி என்பதால் அது நம் கருத்துக்கு உரியது.

முதலில் 'டேர்' என்னும் சிறப்புப் பள்ளி நடந்தது. பிள்ளைகள் வளர்ந்தனர். வளர்ந்த பின் அவர்களை லயத்துத் திண்ணைக்கே திருப்பி அனுப்புவதா என்னும் வினா எழுந்தது. அவ்வினாவுக்கு விடையாகவே தொழிற்பிரிவுகள் பிறந்தன. 'அதுல்யா' பிரிவில் கைக்காகிதமும் எழுதுபொருள்களும் செய்கின்றனர். மற்றொரு பிரிவில் மலையில் விளையும் ஸ்டிராபெரிப் பழத்தைக் கொண்டு ஜாம் செய்யப்பட்டது. 'ஆரண்யா' என்னும் பிரிவு துணிகளுக்கு இயற்கைச் சாயம் ஏற்றுகின்றது. தேயிலைக் கழிவு, யூகலிப்டஸ் இலை, மாதுளைத் தோல், மஞ்சிட்டி, அவுரி போன்ற பொருள்களிலிருந்து வண்ணம் எடுக்கப்படுகின்றது. துணியை முடிச்சிட்டும் மடித்துக் கட்டியும் சாயத்தில் தோய்த்துக் கோலம் வரவழைக்கும் கலையும் அங்குண்டு.

சாயத்தொழில் இவர்களுக்கு ஏன் பொருந்துகின்றது என்று எண்ணிப் பார்த்தல் நன்று. துணியை அலசுதல், படிகார நீரில் ஊறவைத்தல், சாயத்தில் இடுதல், மீண்டும் அலசுதல், நிழலில் உலர்த்துதல் என அதில் ஒவ்வொரு படியும் வரிசை மாறாதது. முடிந்தது எது, அடுத்தது எது என்பது கண்ணுக்கே தெரியும். வாய்ச்சொல்லுக்குத் தேவை குறைவு. நூறு முடிச்சுகளை ஒரே அளவில் இடப் பொறுமையற்றவர் நம்மிற் பலர். ஒழுங்கிலே இன்பம் காண்பவருக்கு அது மகிழ்ச்சி தரும் வேலையாகின்றது. செய்த பொருள் அதன் தரத்துக்காகவே விலை போகின்றது. இரக்கத்தால் ஒரு முறை வாங்குவோர் மறுமுறை வாரார் என்பதை இத்தகைய நிலையங்களை நடத்துவோர் நன்கறிவர்.

நிர்வாகியின் நாட்பணி

இப்பணியை நடத்துவோரின் நாள் எவ்வாறு கழிகின்றது? முதற்கடமை அன்றைய ஒழுங்கைக் காத்தல். காலையில் வந்தவுடன் அன்றைய வேலைகள் படங்களாக வரிசைப்பட்டிருத்தல் வேண்டும். வண்டி பழுதானாலும், உணவு மாறினாலும், ஊழியர் விடுப்பெடுத்தாலும், முன்கூட்டியே காட்டிவிட்டால் பெருங்கலக்கம் தவிர்க்கப்படும்.

அடுத்தது, நடத்தையைப் படிக்கும் கலை. அமைதியாக இருந்த ஒருவர் திடீரெனத் தலையில் அடித்துக்கொள்வாராயின், பிடிவாதம் என்று முடிவு கட்டுதல் தவறு. பல்வலியாக இருக்கலாம், காதில் சீழாக இருக்கலாம், புதிதாக வந்த இயந்திரத்தின் ஓசையாகவும் இருக்கலாம். சொல்லத் தெரியாதவரின் உடல் சொல்லுவதைக் கேட்பவரே நல்ல நிர்வாகி. ஆட்டிசம் உடையோரிடையே வலிப்பு பிறரினும் மிகுதியாகக் காணப்படுவதால், மருந்து நேரமும் குறிப்பேடும் ஒரு நாளும் தவறலாகாது.

மூன்றாவது, ஊழியரைக் காத்தல். சம்பளம் சிறிது, பொறுமை பெரிது வேண்டும். ஆறு மாதத்துக்கு ஓர் ஊழியர் மாறினால், ஒவ்வொரு மாற்றமும் அங்குள்ளோருக்கு ஓர் இழப்பாகின்றது. பத்தாண்டு, இருபதாண்டு நிலைத்து நிற்பவரின் மதிப்பு இங்குதான் விளங்கும். எந்தப் பாட்டைக் கேட்டால் ஒருவர் அமைதியடைவார், எந்த முகம் வலியின் முகம் என்பனவெல்லாம் எந்த ஏட்டிலும் இல்லை. நீண்ட நாட் பழகியவரின் நினைவில்தான் உள்ளன. அந்நினைவை எழுதி வைத்து அடுத்தவருக்குக் கையளிப்பதும் அவரது கடமைகளுள் ஒன்று.

இறுதியாக, துயரச் செய்தி சொல்லும் கடமை. தாய் இறந்தாள் என்பதை எவ்வாறு சொல்வது? 'தூங்குகிறாள்', 'ஊருக்குப் போயிருக்கிறாள்' என்று சொன்னால், சொற்களை அப்படியே கொள்பவர் உறக்கத்துக்கு அஞ்சுவார். வாசலில் நாள்தோறும் காத்திருப்பார். ஆகவே உண்மையை எளிய சொற்களில் சொல்லி, சடங்கிலும் பங்கு கொள்ளச் செய்தலே நலம் என்பது அனுபவமுடையோர் கருத்து.

பிற இடங்களில்

இங்கிலாந்தில் சிபில் எல்கர் என்னும் ஆசிரியை, 1965-இல் இலண்டனின் ஈலிங்கில் ஆட்டிசக் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். மாணவர் வளர்ந்தபோது அவரும் மூணாற்றார் கண்ட அதே வினாவைக் கண்டார். 1974-இல் சாமர்செட் கோர்ட் என்னும் இல்லம் வளர்ந்தோருக்கென்றே திறக்கப்பெற்றது. 2009-இல் ஆட்டிசம் உடைய வயதுவந்தோருக்கான தனிச் சட்டமே இங்கிலாந்தில் இயற்றப்பட்டது.

தில்லியில் மெரி பருவா என்னும் தாய், தம் மகனுக்கு வழி தேடப் புகுந்து, 1991-இல் 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' என்னும் அமைப்பை உருவாக்கினார். பள்ளி, பெற்றோர் பயிற்சி, வளர்ந்தோருக்கான தொழிற்பயிற்சி, கூடிவாழும் இல்லம் எனப் படிப்படியாக அது விரிந்தது. ஊனமுற்றோருக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசத்தின் பெயரே இல்லை. பெற்றோர் இடைவிடாது முறையிட்டனர்; 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அப்பெயர் இடம்பெற்றது. பின்னர் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 குறைபாடுகளுள் ஒன்றாக அதை ஏற்றது. ஆட்டிசம் உள்ளிட்ட சில பிரிவினருக்குச் சேர்த்து அரசுப் பணியில் 1 விழுக்காடும் ஒதுக்கியது.

நாம் செய்யத்தக்கவை

உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. நம் வீட்டுப் பெட்டியில் அதற்குரிய தாள் இருத்தல் வேண்டும். முதலில் மருத்துவக் குழுவிடம் சான்று பெற்று, நாடெங்கும் செல்லத்தக்க தனித்துவ அடையாள அட்டையை வாங்கிக்கொள்க. எல்லை தாண்டிக் குடிபெயரும் நம்மவருக்கு அது இன்றியமையாதது.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின், பெற்றோர் சட்டப்படி தாமாகவே காப்பாளர் ஆகார் என்பதை நம்மிற் பலர் அறியார். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளரை அமைத்துக்கொள்ள 1999-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கின்றது. தமக்குப் பின் யார் என்பதையும் பெற்றோர் தாம் உள்ளபோதே உறவினரோடு பேசி முடித்தல் நலம். காப்பாளர் எசமானர் அல்லர். உண்பது, உடுப்பது, செய்யும் வேலை ஆகியவற்றில் அவரவர் விருப்பத்தைக் கேட்டு நடத்தலே முறை. அதே அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டுத் திட்டம், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவுகின்றது.

கேரளத்தில் 'பட்ஸ்' நிலையங்கள் என்று ஓர் ஏற்பாடு உண்டு. 2004-இல் திருவனந்தபுர மாவட்டத்து வெங்ஙானூர் ஊராட்சியில் முதற்பள்ளி தொடங்கியது. குடும்பஸ்ரீ இயக்கத்தின் துணையோடு உள்ளாட்சி அமைப்புகளே இவற்றை நடத்துகின்றன. 18 வயதுக்குட்பட்டோருக்குப் பள்ளியும், அதற்கு மேற்பட்டோருக்குப் பகல்நேர மறுவாழ்வு நிலையமும் உள்ளன. தம் ஊராட்சியில் அத்தகைய நிலையம் உண்டா என்று கேட்பதும், இல்லையெனில் ஊர்க்கூட்டத்தில் எழுந்து கோருவதும் நம் உரிமை.

மலையாளத்தில் எழுத வாராது என்று எவரும் வாளாவிருத்தல் வேண்டா. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பெற்ற இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே மறுமொழி பெறவும் நமக்கு உரிமை தந்துள்ளது.

நம் சங்கங்கள் பொங்கல் விழா எடுக்கின்றன, பட்டிமண்டபம் நடத்துகின்றன, நன்று. அவற்றோடு ஒவ்வொரு சங்கமும் தன் பகுதியில் இத்தகைய வளர்ந்த பிள்ளைகள் எத்தனை வீடுகளில் உளர் என்று ஒரு கணக்கெடுக்கலாகாதா? விண்ணப்பம் எழுதித்தர இரு இளைஞரை அமர்த்தலாகாதா? மாதம் ஒரு நாள் அத்தாய்மார் கூடிப் பேச ஓர் அறையைத் திறந்துவிடலாகாதா? லயத்து வீட்டை ஒப்படைக்கும் நாள் ஒவ்வொரு தொழிலாளிக்கும் முன்னரே தெரிந்த நாள். அந்நாளுக்கு ஐந்தாண்டு முன்பே அவ்வீட்டுப் பிள்ளையைக் குறித்து ஊர் கூடித் திட்டமிடுமாயின், பெற்றோர் நெஞ்சிலுள்ள பெருஞ்சுமையிற் பாதி அன்றே இறங்கிவிடும்.