வேட்பாளரைத் தேர்வு செய்வது யார்?

புது தில்லி: மக்களவைத் தேர்தலில் வாக்குச் சாவடிக்குள் நுழையும் வாக்காளர் முன் பத்துப் பதினைந்து பெயர்கள் இருக்கின்றன. அவற்றுள் வெல்லக்கூடியவை என்று சொல்லத்தக்க இரண்டு அல்லது மூன்று பெயர்கள், தில்லியிலோ மாநிலத் தலைநகரிலோ மூடிய கதவுகளுக்குப் பின்னே முடிவானவை. அங்கே வாக்காளருக்கு மட்டுமல்ல, கட்சிக்காகக் கொடி கட்டிச் சுவரொட்டி ஒட்டிய தொண்டருக்கும் இடமில்லை.

அந்தக் கதவைச் சற்றே திறந்து பார்க்கும் முயற்சி ஒன்று 2014-இல் நடந்தது. அவ்வாண்டு ஜனவரி 17-ஆம் தேதி தால்கடோரா அரங்கில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டிக் கூட்டத்தில், அப்போதைய துணைத் தலைவர் ராகுல் காந்தி, 15 தொகுதிகளில் வேட்பாளரை மேலிடம் அல்லாமல் கட்சித் தொண்டர்களே தேர்வு செய்வார்கள் என்று அறிவித்தார். அமெரிக்காவில் 'பிரைமரி' எனப்படும் முதனிலைத் தேர்தலே இதற்கு முன்மாதிரி.

ஆனால் அமெரிக்கக் கிளையை இந்திய மண்ணில் நடும்போது பாதி இலைகள் உதிர்ந்துவிட்டன. வாக்களிக்கும் உரிமை பொதுமக்களுக்குத் தரப்படவில்லை. சாதாரண உறுப்பினர்களுக்கும் இல்லை. வட்டார, மாவட்ட நிர்வாகிகள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், இளைஞர் மற்றும் மாணவர் அமைப்புகளின் பொறுப்பாளர்கள் என்று பட்டியலில் இடம் பெற்றவர்கள் மட்டுமே வாக்களித்தனர். லட்சக்கணக்கான வாக்காளர்கள் கொண்ட தொகுதியில் இது கைப்பிடி அளவுக் கூட்டம். அத்தகைய கூட்டத்தில் ஏற்கெனவே செல்வாக்குள்ளவர் வெல்வதில் வியப்பில்லை. மகாராஷ்டிரத்தின் வர்தா தொகுதியில் அப்போதைய எம்.பி. தத்தா மேகேயின் மகன் சாகர் மேகே வென்றார். வாரிசு அரசியலுக்கு மாற்றாகச் சொல்லப்பட்ட முறை, வாரிசு ஒருவருக்கே முத்திரை குத்தித் தந்தது. அதே ஆண்டில் மேகே குடும்பம் பாஜகவில் சேர்ந்தது தனிக் கதை.

தக்ஷிண கன்னடாவில் முன்னாள் மத்திய இணை அமைச்சர் ஜனார்த்தன பூஜாரி, மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் அப்போதைய எம்.பி. மீனாட்சி நடராஜன், வடக்கு கொல்கத்தாவில் சோமேன் மித்ரா ஆகியோர் தேர்வாயினர். புதுமுகங்களைத் தேடியவர்களுக்கு இது ஏமாற்றமே. எனினும் தோற்றவர்கள் எத்தனை வாக்குகளில் தோற்றோம் என்று தெரிந்துகொண்டார்கள். மேலிடம் தரும் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அந்த விவரம்கூடக் கிடைப்பதில்லை.

வதோதராவில் நடந்தது

சோதனையின் உண்மையான எடை தெரிந்த இடம் குஜராத்தின் வதோதரா. அங்கே நடந்த உள்கட்சி வாக்கெடுப்பில் உள்ளூர் காங்கிரஸ் தலைவர் நரேந்திர ராவத் வென்றார். சில நாள்களில், பாஜகவின் பிரதமர் வேட்பாளர் நரேந்திர மோடி வாராணசியுடன் வதோதராவிலும் போட்டியிடுவார் என்ற அறிவிப்பு வந்தது. காங்கிரஸின் கணக்கு ஒரே இரவில் மாறியது. ராவத் வழிவிட, கட்சியின் பொதுச் செயலர் மதுசூதன் மிஸ்திரி வேட்பாளரானார். மோடிக்கு எதிராகப் பெரிய பெயர் தேவை என்பது அரசியல் நியாயமாக இருக்கலாம். ஆனால் வாக்களித்தவர்களிடம் மீண்டும் கேட்கப்படவில்லை. தொண்டர்களின் தீர்ப்பு மேலிடத்துக்குச் சங்கடம் தராத வரைதான் செல்லும் என்பதை இந்த ஒரு மாற்றம் ஊருக்கே உணர்த்திவிட்டது. மோடி 5.70 லட்சம் வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

உள்கட்சி வாக்கெடுப்பு நடந்த தொகுதிகள் எதிலும் காங்கிரஸ் வெல்லவில்லை. நாடு முழுவதும் அக்கட்சிக்குக் கிடைத்தவை 44 இடங்கள். தோல்விக்கு வாக்கெடுப்பைக் காரணம் காட்டுவது சரியல்ல. மேலிடம் நேரடியாகத் தேர்ந்தெடுத்த நூற்றுக்கணக்கான வேட்பாளர்களும் அந்த அலையில்தான் மூழ்கினர். ஆயினும் 2019-இல் அச்சோதனை தொடரவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் பதவிக்கு நடந்த தேர்தலில் மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்குகளும் சசி தரூர் 1,072 வாக்குகளும் பெற்றனர். அத்தேர்தலை நடத்திய கட்சித் தேர்தல் குழுவின் தலைவர், அதே மதுசூதன் மிஸ்திரி.

தொலைபேசியில் கேட்ட கேள்வி

கட்சி சாராத வாக்காளரையும் உள்ளே அழைத்த முயற்சி ஆம் ஆத்மி கட்சியுடையது. 2013 தில்லி பேரவைத் தேர்தலின்போது, வேட்பாளராக விரும்புவோர் தொகுதியில் 100 வாக்காளர்களின் கையொப்பத்துடன் விண்ணப்பிக்க வேண்டும் என்று அக்கட்சி விதித்தது. இறுதி முடிவு குழுவின் கையில் இருந்தாலும், முதல் படியில் அக்கம்பக்கத்தாருக்கு ஓர் இடம் இருந்தது. 2022 ஜனவரியில் பஞ்சாப் முதல்வர் வேட்பாளர் யார் என்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்துப் பொதுமக்களிடமே கேட்டது. 21 லட்சத்துக்கும் அதிகமானோர் பதிலளித்தனர் என்றும், 93 சதவீதத்தினர் பகவந்த் மானைச் சொன்னார்கள் என்றும் அரவிந்த் கேஜரிவால் அறிவித்தார். தேர்தலில் அக்கட்சி 117 இடங்களில் 92-ஐக் கைப்பற்றியது. அதே ஆண்டின் இறுதியில் குஜராத்தில் இதே முறையில் அறிவிக்கப்பட்ட இசுதான் கட்வி, தன் தொகுதியிலேயே தோற்றார்.

திறந்த முதனிலைத் தேர்தலுக்கு இந்தியாவில் மிக அருகில் வந்தது இதுதான். ஆனால் கேட்டது கட்சி, எண்ணியது கட்சி, அறிவித்ததும் கட்சி. வெளியார் சரிபார்க்க வழியில்லாத வாக்கெடுப்பைத் தேர்தல் என்று அழைப்பது கடினம்.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே முதனிலைத் தேர்தலைப் பெரும்பாலும் மாநில அரசே நடத்துகிறது. பல மாநிலங்களில் வாக்காளர் தன் கட்சியைப் பதிவேட்டில் குறிப்பிடுகிறார். மூடிய முறையில் அக்கட்சியினர் மட்டுமே வாக்களிக்கலாம். பத்தில் நான்கு பேர் தங்களைச் சுயேச்சைகள் என்று சொல்லிக்கொள்ளும் நாட்டில், இது அவர்களை வாசலில் நிறுத்துகிறது என்பதே திறந்த முறை கோருவோரின் வாதம். கலிஃபோர்னியா 2010-இலும் அலாஸ்கா 2020-இலும் எல்லா வேட்பாளரையும் ஒரே பட்டியலில் வைத்து எல்லா வாக்காளரிடமும் கேட்கும் முறையை ஏற்றன. ஆனால் 2024 நவம்பரில் நெவாடா, இடாஹோ, கொலராடோ, அரிசோனா உள்ளிட்ட மாநிலங்களில் இத்தகைய யோசனைகளை வாக்காளர்களே நிராகரித்தனர். அலாஸ்காவில் சில நூறு வாக்குகளில் அது தப்பியது.

இந்திய வாக்காளர் பட்டியலில் கட்சிக்கென ஒரு கட்டம் இல்லை, இருக்கவும் கூடாது. எந்தக் கட்சிக்காரர் என்று அரசு ஏட்டில் எழுதிவைத்தால், உள்ளூர் அதிகாரியும் ஆளுங்கட்சிப் பிரமுகரும் அதை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. கட்சிகளின் உறுப்பினர் பட்டியலையோ நம்ப முடியாது. 'மிஸ்டு கால்' கொடுத்தால் உறுப்பினர் என்ற காலத்தில், அந்தப் பட்டியலை வைத்து வேட்பாளரைத் தேர்வு செய்தால் ஆள் சேர்க்கும் பணபலமே வெல்லும். எனவே முதனிலைத் தேர்தலை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது என்போரின் வாதத்தில் வலு உண்டு. ஆனால் இப்போதைய நிலை தொடர வேண்டும் என்பதற்கு அது வாதமாகாது.

சின்னமும் கொறடாவும்

கட்சித் தலைமையின் அதிகாரம் ஒரு தாளில் இருக்கிறது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் கட்சியின் அதிகாரம் பெற்ற நிர்வாகி கையெழுத்திட்ட 'பி' படிவம் தேர்தல் அதிகாரியிடம் சேர்ந்தால்தான் சின்னம் கிடைக்கும். சின்னம் இல்லாதவர் சுயேச்சை. 1957-இல் மக்களவைக்கு 42 சுயேச்சைகள் வென்றார்கள். 2024-இல் வென்றவர்கள் 7 பேர். தமிழகத்தில் கட்டணம் கட்டி விருப்ப மனு அளித்து, நேர்காணலுக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு இந்தப் படிவத்தின் மதிப்பு நன்றாகவே தெரியும்.

வென்ற பிறகும் பிடி தளர்வதில்லை. 1985-இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். ஆக, வாய்ப்பு தருவதும் தலைமை, அவையில் கை தூக்கச் சொல்வதும் தலைமை. இடையில் தொகுதி மக்களின் கருத்து எங்கே நுழையும்?

சட்டம் இதில் பெரும்பாலும் மௌனம் காக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு கட்சிகளைப் பதிவு செய்யச் சொல்கிறது. வேட்பாளர் தேர்வைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி தலைமையிலான சட்ட ஆணையம் 1999-இல் அளித்த 170-வது அறிக்கையில், உள்ளூர்க் கிளைகளின் பரிந்துரைகளையும் தீர்மானங்களையும் கருத்தில் கொண்டே கட்சியின் செயற்குழு வேட்பாளரைத் தேர்வு செய்ய வேண்டும் என்று கூறியது. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான ஆணையம் 2015-இல் அளித்த 255-வது அறிக்கையும் உள்கட்சி ஜனநாயகத்துக்குச் சட்டம் கேட்டது. மாறிமாறி ஆண்டவர்கள் எவரும் அக்கறை காட்டவில்லை. பதிவு செய்த கட்சியின் பதிவை, மோசடி போன்ற சில சூழல்கள் தவிர, ரத்து செய்யும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் கூறிவிட்டது.

அதே நீதிமன்றம் 2020 பிப்ரவரி 13-ஆம் தேதி வேறு வழியில் நுழைந்தது. குற்ற வழக்கு உள்ளவரை ஏன் தேர்வு செய்தோம், வழக்கு இல்லாத ஒருவர் ஏன் கிடைக்கவில்லை என்று கட்சிகள் வெளியிட வேண்டும். வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாகாது என்றது. மறுஆண்டு ஆகஸ்டில், பிகார் தேர்தலில் அவ்வுத்தரவை மதிக்காததற்காக பாஜக, காங்கிரஸ் உள்ளிட்ட 8 கட்சிகளுக்கு அபராதம் விதித்தது. பெரும்பாலானவற்றுக்கு ஒரு லட்சம் ரூபாய். மார்க்சிஸ்ட் கட்சிக்கும் தேசியவாத காங்கிரஸுக்கும் தலா 5 லட்சம்.

2014-இல் உள்கட்சி வாக்கெடுப்பு நடந்த தொகுதிகளில் இந்தூரும் ஒன்று. 2024-இல் அங்கே காங்கிரஸ் மேலிடம் தேர்வு செய்த வேட்பாளர், மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளில் விலகி பாஜக பக்கம் சென்றார். மாற்று வேட்பாளரை நிறுத்த நேரமில்லை. அத்தொகுதியில் 'மேற்கண்ட எவரும் இல்லை' என்ற பொத்தானை அழுத்தியவர்கள் 2,18,674 பேர்.