இடஒதுக்கீடு இருக்கிறது; பணியிடம் எங்கே?
இந்திய ரயில்வேயின் ஆளெடுப்பும் ஒப்பந்த முறையும்

2024 ஆகஸ்டில், ஒன்றிய அரசின் இணைச் செயலாளர், இயக்குநர், துணைச் செயலாளர் நிலைகளில் 45 பணியிடங்களை நேரடி நுழைவு முறையில் நிரப்ப யுபிஎஸ்சி விளம்பரம் வெளியிட்டது. அதில் இடஒதுக்கீடு இல்லை. எதிர்க்கட்சிகள் மட்டுமன்றி ஆளும் கூட்டணிக்குள்ளிருந்தும் எதிர்ப்பு எழுந்ததால், மூன்றே நாட்களில் விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. அது வரவேற்கத்தக்க வெற்றிதான். ஆனால் அதே அரசின் கீழ், இடஒதுக்கீட்டின் நிழல்கூடப் படாமல் பல லட்சம் பேர் அன்றாடம் வேலை செய்து வருகிறார்கள். ரயில் பெட்டிகளையும் நடைமேடைகளையும் தூய்மை செய்வோர், சுமை ஏற்றி இறக்குவோர், காவல் காப்போர் எல்லோரும் இதில் அடக்கம். உச்சியில் உள்ள 45 இடங்களுக்காக எழுந்த குரல், அடித்தளத்தில் உள்ள இந்த லட்சங்களுக்காக எழவில்லை.

இடஒதுக்கீட்டை ஒழிக்கும் சட்டம் எதுவும் நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை. இனியும் எளிதில் நிறைவேறாது. ஒதுக்கீடு எதன்மீது நிற்கிறதோ அந்தப் பணியிடம்தான் குறைந்துகொண்டே வருகிறது. இதை விளங்கிக்கொள்ள நாட்டின் மிகப்பெரிய பொதுச் சேவைகளுள் ஒன்றான இந்திய ரயில்வேயை எடுத்துக்கொள்வோம்.

ரயில்வேயும் இடஒதுக்கீட்டு வழக்குகளும்

ரயில்வேயைத் தேர்ந்தெடுக்க மற்றொரு காரணமும் உண்டு. பதவி உயர்வில் இடஒதுக்கீடு செல்லுமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் முதன்முதலில் விடையளித்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு ரயில்வே தொடர்பான வழக்கில்தான். பதவி உயர்விலும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கீடு வழங்கிய ரயில்வே வாரியத்தின் சுற்றறிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. தெற்கு ரயில்வே பொது மேலாளர் எதிர் ரங்காச்சாரி என்ற அவ்வழக்கின் மேல்முறையீட்டில், 1961இல் ஐவர் அமர்வு மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அச்சுற்றறிக்கைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1980இல் அகில பாரதிய சோஷித் கர்மச்சாரி சங்கம் வழக்கிலும் ரயில்வேயின் ஒதுக்கீட்டு ஆணைகளே கேள்விக்குள்ளாயின, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இடம்பெற்ற அமர்வு அவற்றை உறுதி செய்தது.

1992இல் இந்திரா சஹானி வழக்கு பதவி உயர்வு ஒதுக்கீட்டுக்குத் தடை போட்டபோது, 1995இன் 77ஆம் அரசமைப்புத் திருத்தம் உறுப்பு 16(4அ) வாயிலாக அதனை மீட்டது. நிரப்பப்படாத ஒதுக்கீட்டு இடங்களைத் தனி வகையாகக் கருதி அடுத்தடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்ல 2000இன் 81ஆம் திருத்தம் வழிவகுத்தது. பணிமூப்பைப் பாதுகாக்க 2001இல் 85ஆம் திருத்தம் வந்தது. போராடிப் பெற்ற இந்த உரிமைகள் அனைத்தும் ஒன்றைத் தம் அடிப்படையாகக் கொண்டுள்ளன. அரசிடம் ஒப்பளிக்கப்பட்ட பணியிடம் இருக்க வேண்டும் என்பதே அது.

சுருங்கும் எண்ணிக்கை

1990-91இல் ரயில்வேயில் ஏறத்தாழ 16.5 லட்சம் ஊழியர்கள் பணியாற்றினர். இன்று அந்த எண்ணிக்கை சுமார் 12 லட்சம். இக்காலத்தில் பயணிகளும் சரக்கும் பெருகின, தடங்கள் நீண்டன. இந்தக் குறைவு முழுவதையும் சதி என்று சொல்வது நேர்மையாகாது. நீராவி எஞ்சினுக்கு வேண்டியிருந்த ஆட்கள் மின்சார எஞ்சினுக்கு வேண்டியதில்லை. கணினிவழி முன்பதிவும் தானியங்கிச் சமிக்ஞைகளும் சில வேலைகளை உண்மையாகவே இல்லாமல் ஆக்கின. எனினும், வேலை மறைந்ததால் போன இடங்கள் வேறு. வேலை அப்படியே இருக்க, அதைச் செய்பவர் மட்டும் அரசு ஊழியர் என்ற நிலையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளியாக மாற்றப்பட்ட இடங்கள் வேறு. தூய்மைப் பணி இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இருக்கும் பணியிடங்களும் உரிய காலத்தில் நிரப்பப்படுவதில்லை. 2022ஆம் ஆண்டின் இறுதியில் ரயில்வேயில் சுமார் 3 லட்சம் இடங்கள் காலியாக இருந்தன. முதல் நிலைப் பணிகளில் 1,03,769 இடங்களுக்கு 2019இல் அறிவிப்பு வந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். தேர்வு நடந்ததோ 2022 ஆகஸ்டில்தான். மூன்றாண்டுக்கும் மேலான அந்தக் காத்திருப்பு, வாடகை அறையில் தங்கிக் கடன் வாங்கிப் படிக்கும் முதல் தலைமுறை மாணவரையே முதலில் களத்திலிருந்து வெளியேற்றுகிறது. அதே பணிகளுக்கு 2025இல் விண்ணப்பம் பெறப்பட்ட அடுத்த அறிவிப்பில் 32,438 இடங்களே இருந்தன. இதற்கிடையே, ஓய்வுபெற்ற ஊழியர்களைத் தற்காலிகமாக மீண்டும் அமர்த்தும் வழியையும் ரயில்வே கையாள்கிறது.

ஒதுக்கீடு கரையும் கணக்கு

இதில் மாணவர்கள் நுட்பமாகக் கவனிக்க வேண்டிய சட்டப் புள்ளி ஒன்று உள்ளது. 1995இன் சபர்வால் தீர்ப்புக்கும் அதையொட்டிய 1997ஆம் ஆண்டு ஆணைக்கும் பிறகு, ஒதுக்கீடு பணியிட அடிப்படையிலான ரோஸ்டரின்படி கணக்கிடப்படுகிறது. அகில இந்திய அளவிலான போட்டித் தேர்வு நியமனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பிரிவில் 100 பணியிடங்கள் உள்ளன. பட்டியல் சாதியினருக்கு உரியவை 15. பணியில் இருப்போர் 9 பேர். அரசு 6 இடங்கள் கடன்பட்டிருக்கிறது. இப்போது நிர்வாகம் 40 இடங்களைத் ‘தேவையற்றவை’ என்று ஒப்படைத்துவிடுகிறது. எஞ்சியவை 60. அதில் 15 விழுக்காடு 9. ஏற்கெனவே 9 பேர் இருக்கிறார்கள். ஆகவே ஏட்டளவில் பற்றாக்குறை ஏதும் இல்லை. ஒரே கோப்பில், ஒரே கையெழுத்தில் 6 பேருடைய உரிமை தீர்ந்துவிடுகிறது. எவரும் இடஒதுக்கீட்டை மீறவில்லை. எனவே எதிர்த்து வழக்குத் தொடுக்கவும் பிடி கிடைப்பதில்லை. காலியாக விடப்பட்ட இடத்துக்காக நீதிமன்றத்தை நாடலாம். கலைக்கப்பட்ட இடத்துக்காக நாடுவது மிகக் கடினம், ஏனெனில் பணியிடங்களை உருவாக்குவதும் கலைப்பதும் நிர்வாகத்தின் கொள்கை முடிவு என்பதே நீதிமன்றங்களின் வழக்கமான நிலைப்பாடு.

கலைக்கப்பட்ட இடத்தின் வேலை ஒப்பந்ததாரரிடம் போகிறது. அங்கே அரசு ஆளை நியமிப்பதில்லை, சேவையை வாங்குகிறது. நாற்காலியும் மேசையும் வாங்கப்படும் அரசு மின்சந்தையிலேயே மனித உழைப்பும் ஒரு சேவையாகக் கொள்முதல் செய்யப்படுகிறது. 45 நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களிலும் ஒதுக்கீடு உண்டு என்று 1968ஆம் ஆண்டிலேயே ஒன்றிய அரசு ஆணையிட்டது; 2022இல் அதனை மீண்டும் வலியுறுத்தியது. ஆனால் அந்த ஆணை அரசு நேரடியாக நியமிப்போருக்கு உரியது. முகமை வழியாக வருபவர் சட்டத்தின் பார்வையில் அரசால் நியமிக்கப்பட்டவரே அல்லர்.

துடைப்பம் அதே கையில்

ஒன்றிய அரசு ஊழியர்களின் சமூகவாரிப் புள்ளிவிவர அட்டவணையில் தூய்மைப் பணியாளருக்கெனத் தனி வரிசை காட்டப்படுவது வழக்கம். மற்ற வரிசைகளில் பட்டியல் சாதியினரின் பங்கு 15 விழுக்காட்டை ஒட்டி ஏறி இறங்கும். இந்த ஒரு வரிசையில் மட்டும் அது அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆகவே பழைய முறையை நாம் பொற்காலமாகக் காட்ட முடியாது. அரசே தலித்துகளின் கையில் துடைப்பத்தைக் கொடுத்து வைத்திருந்தது. தண்டவாளங்களில் மலம் அள்ளும் கொடுமையை முடிவுக்குக் கொண்டுவரக் காலவரையறையுடன் கூடிய திட்டம் வகுக்குமாறு, சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் ரயில்வேக்கு ஆணையிட வேண்டியிருந்தது.

இருந்தும், நிரந்தரத் தூய்மைப் பணியாளருக்குச் சில உறுதிகள் இருந்தன. மாதச் சம்பளம், ரயில்வே மருத்துவமனை, குடியிருப்பு, பயணச் சலுகை, ஓய்வூதியம், பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குக் கருணை நியமனம் கோரும் வாய்ப்பு ஆகியவை அவை. அந்தக் குடியிருப்பிலிருந்து புறப்பட்ட பிள்ளைகள் எழுத்தராகவும் ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் ஆனார்கள். ஒரு தலைமுறையின் துடைப்பம் அடுத்த தலைமுறையின் கையில் ஏறாமல் தடுத்தது அந்த நிரந்தரம்.

ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைக்குப் பின் ‘டி’ பிரிவு என்பதே ஒழிந்து, எல்லாம் ‘சி’ பிரிவாயின. குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்பு அல்லது ஐடிஐ ஆனது. ஏட்டில் அது உயர்வு. ஆனால் பள்ளிப் படிப்பை முடிக்க இயலாதோருக்கு இருந்த நேரடி வாயில் அதோடு அடைபட்டது. அவர்கள் செய்துவந்த வேலை ஒப்பந்ததாரரிடம் சென்றது. இன்று ஓடும் ரயிலில் பெட்டியைத் துடைப்பவரின் சட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அவரது சாதி மாறவில்லை, வேலை மாறவில்லை. வேலையோடு சேர்ந்து வந்த உறுதிகள் மட்டும் கழன்றுவிட்டன. சமூகவாரி அட்டவணையில் அவர் எந்த வரிசையிலும் இல்லை.

சட்டம் நடந்து வந்த பாதை

தூய்மைப் பணியில் ஒப்பந்த முறை தானாக நுழைந்துவிடவில்லை. நிரந்தரத் தன்மையுள்ள வேலைகளில் ஒப்பந்த முறையைத் தடை செய்யும் அதிகாரத்தை 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு அரசுக்கு வழங்கியது. அதன்கீழ் 1976 டிசம்பரில், ஒன்றிய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களைப் பெருக்குதல், துடைத்தல், காவல் காத்தல் ஆகியவற்றில் ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டது. அந்த அறிவிக்கையின்படி தடை வந்தாலே தொழிலாளரை நிறுவனம் பணியில் ஏற்க வேண்டும் என்று 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2001இல் செயில் வழக்கில் ஐவர் அமர்வு அத்தீர்ப்பை மாற்றியதோடு 1976ஆம் ஆண்டு அறிவிக்கையையும் ரத்து செய்தது. 2006இன் உமாதேவி தீர்ப்பு, முறைப்படி தேர்வாகாத தற்காலிக ஊழியர் நிரந்தரம் கோரும் வழியைக் குறுக்கியது.

இப்போது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துள்ளது. நிறுவனத்தின் ‘மையச் செயல்பாடுகளில்’ ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்த இதன் 57ஆம் பிரிவு தடை விதிக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரையறைப் பிரிவைப் புரட்டினால், துப்புரவு, பெருக்குதல், கழிவு அகற்றுதல், காவல், சுமை ஏற்றி இறக்குதல் போன்றவை, நிறுவனம் அதற்கெனவே அமைக்கப்பட்டிருந்தாலன்றி, மையச் செயல்பாடு ஆகா என்று இருக்கிறது. 1976இல் அரசு பெயர் சொல்லிப் பாதுகாத்த வேலையை, இன்றைய சட்டம் பெயர் சொல்லி வெளியே நிறுத்தியிருக்கிறது.

இதற்கிடையில் ஒரு நம்பிக்கையும் உண்டு. மத்திய நீர் ஆணையத்தில் நீண்டகாலம் தூய்மைப் பணி முதலியவற்றைச் செய்துவந்தோர் தொடுத்த ஜக்கோ எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்களைப் பணிவரன்முறை செய்ய ஆணையிட்டது. நிரந்தரத் தேவையுள்ள வேலைக்குத் தற்காலிகப் பெயர் சூட்டிச் சுரண்டுவதையும், உமாதேவி தீர்ப்பை ஊழியருக்கு எதிரான ஆயுதமாக்குவதையும் அது கண்டித்தது. ஆயினும் அவர்கள் ஆணையத்தால் நேரடியாக அமர்த்தப்பட்டவர்கள். முகமை வழித் தொழிலாளருக்கு இத்தீர்ப்பு எவ்வளவு தூரம் உதவும் என்பது இனி நாம் நடத்தப்போகும் வழக்குகளைப் பொறுத்தது.

செய்ய வேண்டியவை

அவுட்சோர்சிங் பணிகளிலும் ஒதுக்கீடு தருவதாகப் பீகார் 2017இல் முடிவெடுத்தது. உத்தரப் பிரதேசம் 2025இல் அதற்கெனத் தனிக் கழகம் அமைக்க முடிவு செய்தது. மேற்பார்வையாளர், கணினி இயக்குநர் போன்ற பணிகளில் இது பயன் தரும். தூய்மைப் பணியிலோ ஒதுக்கீடு கேட்பதற்கே பொருளில்லை. அங்கே நாம் ஏற்கெனவே அளவுக்கு மீறி நிறைந்திருக்கிறோம். அங்கே நம் கோரிக்கை பணியிடமும் பாதுகாப்பும் இயந்திரமும்தான்.

மாணவர்களும் களப்பணியாளர்களும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு கோட்டத்திலும் மூன்றைக் கேட்க வேண்டும்: கடந்த பத்தாண்டுகளில் ஒப்படைக்கப்பட்ட பணியிடங்கள் பிரிவுவாரியாக எத்தனை, ஒப்படைப்புக்கு முன்னும் பின்னும் ரோஸ்டர் பதிவேடு என்ன காட்டுகிறது, அதே வேலைக்கு விடப்பட்ட ஒப்பந்தங்கள் எவை. இம்மூன்றையும் அருகருகே வைத்தால், வேலை இருக்கப் பணியிடம் மட்டும் மறைந்தது ஆவணமாகத் தெரியவரும். உறுப்பு 338இன்கீழ் இயங்கும் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்தின்முன் வைக்க அத்தகைய ஆவணம் தேவை.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்கள் அடையாள அட்டை, வருகைப் பதிவின் நகல், வருங்கால வைப்பு நிதிப் பதிவு, வேலையை மேற்பார்வையிடும் ரயில்வே அலுவலர் தந்த எழுத்துவழி உத்தரவு ஆகியவற்றைப் பாதுகாத்து வைக்க வேண்டும். ஒப்பந்தம் வெறும் போர்வை என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிறுவினால் பணிப் பாதுகாப்பு கோரலாம் என்ற கதவைச் செயில் தீர்ப்பு மூடிவிடவில்லை. பத்தாண்டுகள் வேலை செய்தும் கையில் ஒரு துண்டுத் தாள் இல்லாமல் எங்களிடம் வருவோரே பெரும்பாலோர். சட்டத்தில் வழி இருந்தும் அவர்களுடைய வழக்கு தோற்பது அங்கேதான்.

இடஒதுக்கீடு எத்தனை விழுக்காடு என்ற விவாதத்தை நாம் நெடுங்காலம் நடத்தியிருக்கிறோம். எத்தனையில் அந்த விழுக்காடு என்ற கேள்வியையும் அதே உறுதியோடு இனி கேட்டாக வேண்டும்.