வட்ட வைரமும் அதன் ஒளியும்

பண்ருட்டி வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் நல்ல விலைக்குப் போகும் ஆண்டுகளில், செலவு போக மிஞ்சிய பணம் பெரும்பாலும் பெண்மக்களின் காதுகளிற் சென்று அமர்வதை நாம் அறிவோம். முதலிற் பொன், பொன்னுக்குப் பின் ஏழு கல் வைரத்தோடு. பொன்னை உரைகல்லில் உரைத்து மாற்றுக் காணத் தெரிந்த நம்மவர், வைரம் வாங்குங்கால் மட்டும் வியாபாரியின் வாய்ச்சொல்லையே உரைகல்லாகக் கொள்கின்றனர். எடை என்ன, நிறம் என்ன, புள்ளி உண்டா என்று வினவுவார் பலர். பட்டை எவ்வாறு தீட்டப்பட்டது என்று வினவுவார் மிக அரியர். ஆனால் வட்டக் கல் ஒன்று விளங்குவதும் மங்குவதும் பெரும்பாலும் அப்பட்டையையே பற்றி நிற்பனவாதலின், அதனைக் குறித்துச் சிறிது கூறப் புகுந்தோம்.

பண்ருட்டிக்கு அணித்தாயுள்ள நெய்வேலியில் 1956-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கழகம் தோண்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியிலும் வைரத்திலும் உள்ள முதன்மையான மூலப்பொருள் கார்பன் ஒன்றே. இதனைக் கொண்டு, நிலக்கரியே நாட்பட நாட்பட வைரமாகும் என்று மாணவர் சிலர் எழுதுவதுண்டு. அது பிழை. நிலக்கரி, செடிகொடிகள் மக்கி உண்டானது. வைரங்களிற் பெரும்பாலானவையோ, நிலத்தின்மேல் ஒரு செடியும் தோன்றாத காலத்தில், பூமிக்குக் கீழ் 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருவாகி, பின்னர் எரிமலைக் குழம்பால் மேலே கொணரப்பட்டவை. அங்ஙனம் வந்த கல் சவர்க்காரத் துண்டு போல மங்கித் தோன்றுமேயன்றி மின்னாது. அதனை மின்னச் செய்வது மனிதன் கை.

ஒளி காற்றினின்று வைரத்துட் புகுங்கால் மிகவும் வளைகின்றது. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, சாதாரணக் கண்ணாடியினது ஏறக்குறைய 1.5. இவ்வெண் பெரிதாயிருத்தலின், உட்சென்ற ஒளி மீண்டும் வெளியேறுதல் எளிதன்று. உட்புறத்திலிருந்து ஒரு பட்டையின்மேல் விழும் கிரணம், அப்பட்டையின் செங்குத்துக் கோட்டோடு 24.4 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் வந்து விழுமாயின், முற்றும் உள்ளேயே திருப்பி எறியப்படும். கண்ணாடியில் அவ்வெல்லை ஏறக்குறைய 42 பாகை. எனவே வைரத்தின் கீழ்ப்பட்டைகள், பாதரசம் பூசாமலே, முகம் பார்க்கும் கண்ணாடிகளாகத் தொழில் செய்கின்றன. மேலே புகுந்த ஒளியைக் கீழே ஒழுகவிடாது, இருமுறை திருப்பி, மேலேயே அனுப்பும்படி அவற்றைச் சாய்த்து அமைத்தலே வைரத் தச்சனின் திறம்.

இக்காலத்து வட்ட வைரத்திற்குப் பட்டைகள் 58. மேற்பாகத்தில், நடுவே மேசை போன்ற தட்டை ஒன்றும், அதனைச் சூழ 32-உமாக 33, கீழ்ப்பாகத்தில் 24, கூரிய அடிமுனையைச் சிறிது மழுக்கிய முகம் ஒன்று. அம்மழுக்கலை இப்பொழுது பலர் செய்வதில்லையாதலால், 57 என்று எண்ணுவாரும் உளர். சிறு கற்களுக்கு இத்துணைப் பட்டைகள் வையாது, 17 அல்லது 18 மாத்திரம் தீட்டுவது பண்டு பெருவழக்கு.

பட்டையின் தரத்தை ஆராய்வோர் மூன்று குணங்களைப் பிரித்து நோக்குவர். கல்லினின்று கண்ணுக்குத் திரும்பி வரும் வெள்ளொளியின் மிகுதி ஒன்று. இதனை ஒளிர்வு என்போம். வெள்ளொளி பிரிந்து செம்பொறியும் நீலப்பொறியுமாகச் சிதறுவது மற்றொன்று, இது வண்ணச்சுடர். கல்லோ, விளக்கோ, காண்பான் தலையோ அசையுந்தோறும் ஒளியும் இருளும் மாறிமாறி வெட்டுவது மூன்றாவது, இது மின்வெட்டு. இவை மூன்றும் ஒருங்கே உச்சம் பெறுவதில்லை. மேசைத்தட்டை அகன்றால் ஒளிர்வு பெருகலாம். ஆனால் வண்ணச்சுடரை மிகுதியும் தரும் சாய்ந்த மேற்பட்டைகள் குறுகிவிடும். மேற்பாகம் உயர்ந்து தட்டை சிறுத்தால் சுடர் மிகும், வெள்ளொளி சற்றுக் குறையும். வட்ட வைரத்தின் சரித்திரம் முழுவதும் இவ்விழுபறியே.

நம் முன்னோர் இவ்வழியிற் செல்லவில்லை. மதுரை மணிக்கடைத் தெருவைக் கூறுமிடத்துச் சிலப்பதிகாரம் விந்து, இரேகை, காகபாதம், களங்கம் முதலிய வைரக் குற்றங்களை அறிந்து பேசுகின்றது. குற்றமற்ற கல்லே அவர்க்கு நற்கல். இந்நாட்டுத் தொழிலாளர் கல்லின் எடை குறையாதிருத்தலையே பெரிதெனக் கொண்டு, அதன் இயற்கை வடிவைத் தழுவிச் சிறுசிறு பட்டைகளை இட்டனர். திருவரங்கத்துப் பெருமான் திருவுருவினின்று களவாடப்பட்டது என்று கதை வழங்கும் ஓர்லாவ் என்னும் பெருவைரம், அரைமுட்டை போன்ற அப்பழைய வடிவிலேயே இன்றும் மாஸ்கோவிலுள்ள கிரெம்ளினில் இருக்கின்றது.

சென்னைக்கும் இவ்விஷயத்திற் பங்கு உண்டு. அங்குள்ள ஆங்கிலேயர் கோட்டையில் ஆளுநராயிருந்த தாமஸ் பிட் என்பார், 1702-ஆம் ஆண்டளவில் ஜாம்சந்து என்னும் வணிகரிடம் 410 காரட் எடையுள்ள தீட்டாத கல் ஒன்றை வாங்கினார். லண்டனில் ஏறக்குறைய இரண்டாண்டு தீட்டியபின் நின்றது 140 காரட்டே. மூன்றில் இரு பங்கு தூளாகவும் துண்டாகவும் போயிற்று; ஆயினும், மூலை மழுங்கிய சதுரமாய் அமைந்த அக்கல்லின் ஒளி ஐரோப்பாவை மயக்கவே, 1717-இல் பிரான்சு நாட்டை ஆண்டுவந்த ஆர்லியன்ஸ் கோமகன் அதனைப் பெருவிலைக்கு வாங்கினார். கோகினூரின் கதையும் இத்தகையதே. 1851-இல் லண்டன் பொருட்காட்சியில் அதனைக் கண்டோர் ஒளி இல்லை என்று முகஞ்சுளித்தனர். மறு ஆண்டு 186 காரட்டினின்று 105.6 காரட்டாகக் குறைத்துத் தீட்டப்பட்டது. அவ்வாறு குறைத்தது தகுமோ என்று இன்றும் வாதிப்பாருளர். யாமும், அப்பழைய வடிவம் ஒரு நாட்டின் கைத்தொழிற் சான்றாக நின்றிருக்கலாம் என்றே எண்ணுகின்றோம்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், விசைப்பொறிகளின் உதவியால் கல்லை ஒழுங்கான வட்டமாகக் கடைதல் எளிதாயிற்று. அக்காலத்து வட்டக் கற்கள் உயர்ந்த மேற்பாகமும், சிறிய மேசைத்தட்டையும், அகன்ற அடிமுனையும் உடையன. மேலிருந்து நோக்குவார்க்கு அவ்வடிமுனை நடுவிலோர் துளைபோலத் தோன்றும். 1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்னும் பெல்ஜிய இளைஞர், வைரத் தொழிற் குடும்பத்திற் பிறந்து லண்டனிற் பொறியியல் பயின்றவர், இவ்விஷயத்தைக் கணக்கிட்டு ஒரு நூல் வெளியிட்டார். குறுக்களவை 100 எனக் கொண்டால் மேசைத்தட்டை 53. மேற்பட்டையின் சாய்வு 34.5 பாகை; கீழ்ப்பட்டையின் சாய்வு 40.75 பாகை என்பது அவர் கண்ட முடிபு. பின்னர் 1939-இல் ஜெர்மனியில் எப்ளர் என்பார் 56 பங்குத் தட்டையும் 33.2 பாகை மேற்சாய்வும் கூறினார். இருவர் கூறிய கீழ்ச்சாய்வும் ஏறக்குறைய ஒன்றே என்பது நோக்கத்தக்கது. மேற்பாகத்தில் ஓரிரு பாகை பிறழினும் கல் பொறுக்கும். கீழ்ப்பாகம் அத்துணைப் பொறுமையுடையதன்று.

காரணம் எளிது. கீழ்ச்சாய்வு 45 பாகையாயின், எதிரெதிர்ப் பட்டைகள் இரண்டும் செங்கோணத்தில் நின்று, வந்த ஒளியை வந்த வழியே திருப்பும். வந்த வழியில் இருப்பதோ காண்பானுடைய தலை! தலை மறைத்த இடத்திலிருந்து ஒளி வாராமையின், நடுவிடம் ஆணித்தலை போலக் கறுத்துக் காணும். சாய்வு மிகக் குறைந்தாலோ, கல்லின் விளிம்பு தட்டையின் உள்ளே வெளிறிய வளையமாக நிழலிட்டு மீன்கண் போலத் தோன்றும். இவ்விரு குறைகளையும் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்றிருந்தால் எவரும் காணலாம். அமெரிக்க இரத்தினக்கல் நிலையம் 2006 முதல் வட்ட வைரங்களின் பட்டைக்கு ஐந்து தரம் வகுத்துச் சான்று தருகின்றது. டோல்கோவ்ஸ்கியின் அளவு ஒன்றே உயர்ந்ததென்பதை அந்நிலையத்தார் ஏற்கவில்லை. மேற்சாய்வும் கீழ்ச்சாய்வும் ஒன்றற்கொன்று இணங்கிய பல அமைப்புகள் முதற்றரம் பெறும்.

எடையினும் ஏமாற்றம் உண்டு. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம்; நூறு சென்ட். நன்கு தீட்டிய ஒரு காரட் வட்டக் கல் ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர் குறுக்களவு உடையதாகும். விளிம்பைத் தடிக்கவிட்டோ அடியை ஆழ்த்தியோ எடையைப் பாதுகாத்த கல், அதே ஒரு காரட்டாயினும் சிறுத்துத் தோன்றும். வாங்குவோர் கண்ணுக்குப் புலனாகாத எடைக்கும் விலை கொடுக்கின்றனர்.

இனி, கடை விளக்கு. வண்ணச்சுடர் சிறிய கூர்விளக்கில் மிகும். பரந்த ஒளியில் அடங்கும். கடைகளில் தலைக்குமேல் எரியும் குறுவிளக்குகளின்கீழ் எந்தக் கல்லும் பொறி பறக்கும். திருச்சிராப்பள்ளியிற் பட்டை தீட்டும் செயற்கைக் கற்களின் இனத்ததாகிய சிர்க்கோனியா, வண்ணம் பிரிக்கும் ஆற்றலில் வைரத்தையும் விஞ்சுவது. ஆதலால் பொறி மிகுதி கண்டு வைரமெனத் துணியலாகாது. கல்லை வாயிலுக்குக் கொணர்ந்து, நிழலில், வானொளியில் ஒருமுறை நோக்குதல் வேண்டும். அங்கும் விளங்குவதே ஒளிர்வுடைய கல். இல்லத்திற் குத்துவிளக்கின் முன்னோ, பழைய வட்டக் கல்லே புதியதை வெல்லக் கண்டிருக்கின்றோம்.

நமக்கு உறவினராகிய அம்மையார் ஒருவர், மகள் திருமணத்தின் பொருட்டுத் தம் தாயார் தந்த ஏழு கல் தோட்டை மாற்றக் கருதிக் கடையொன்றிற் காட்டினார். "பழைய வெட்டு, அம்மா, ஒளி செத்துப்போயிற்று" என்று கூறிச் சொற்ப விலை மதித்தனர். அவர் அதனை எம்மிடம் காட்டியபொழுது, ஐம்பதாண்டு எண்ணெய்க் குளியலே எமக்கு முதலிற் புலப்பட்டது. வைரம் எண்ணெயை விரும்பிப் பற்றும் இயல்பினது. சுரங்கங்களிற் கொழுப்புப் பூசிய பலகையின்மேல் மண்ணை நீரோடு ஓட்டி, ஒட்டிக்கொண்ட வைரத்தைப் பிரித்தெடுக்கும் முறையே உண்டு. பின்பட்டையில் எண்ணெய் பற்றினால், ஒளி திரும்புதற்குரிய எல்லை 24 பாகையினின்று 37 பாகையளவிற்கு ஏறிவிடும். முன்பு திரும்பிய கிரணங்களிற் பல எண்ணெயினுட் கசிந்து, அதிற் படிந்த தூசியில் அழியும். பின்புறம் மூடிக் கட்டிய தோட்டில் இவ்வழுக்கு வெளியேறவும் வழியில்லை.

பத்தர் ஒருவரைக் கொண்டு பின்மூடியைத் திறந்து, வெதுவெதுப்பான பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் துலக்குவித்தோம். இரு தோடுகளிலும் உள்ள பதினான்கு கற்களுட் பன்னிரண்டு, அன்று மாலை விளக்கேற்றியபொழுது அறை முழுவதும் நிறப்பொட்டுகளைத் தெளித்தன. எஞ்சிய இரண்டும் துலக்கியும் விளங்கவில்லை. கண்ணாடியில் நோக்க, இரண்டிலும் மீன்கண் வளையம் தெளிவாய்த் தெரிந்தது. அவ்விரண்டை மாத்திரம் மாற்றுவித்து, பின்புறம் திறந்தபடியே கட்டச் சொல்லி, அம்மையார் தோட்டை மகளுக்கு அணிவித்தார்.