இரும்பு உறை இல்லாத சிலிண்டர்

போர்ஷே 917/30 பந்தயக் காரின் இன்ஜின்: 12 சிலிண்டர், 5.4 லிட்டர், இரட்டை டர்போ, 1,000 குதிரைத்திறனுக்கும் மேல். 1973-இல் பந்தய ஓட்டுநர் மார்க் டொனஹ்யூ கேன்-ஆம் பந்தயத் தொடரின் பட்டம் வென்றது இந்தக் காரில்தான்.

காற்றால் குளிரும் இந்த இன்ஜினுக்குச் சூட்டை விரைந்து கடத்தும் அலுமினியச் சிலிண்டர் வேண்டும். ஆனால் பிஸ்டன் வளையம் உரச உரச வெற்று அலுமினியம் கீறிப் பாழாகும். உள்ளே வார்ப்பிரும்பு உறை செருகினால் தேய்மானம் குறையும். ஆனால் எடை கூடும், சூடு வெளியேறத் தடை, சுவரும் தடித்துவிடும்.

மாலே நிறுவனம் வாங்கெல் சுழல் இன்ஜினுக்காக உருவாக்கிய நிகாசில் பூச்சு இங்கே கைகொடுத்தது. நிக்கல் முலாமுக்குள் பொதிந்த சிலிக்கன் கார்பைடு துகள்கள். தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுகூட இராது. துகள் தேய்மானத்தைத் தாங்கும், நிக்கல் துகளைப் பிடித்துக்கொள்ளும். உறைக்கான இடம் மிச்சமானதால் சிலிண்டர் துளை விட்டத்தை 90 மி.மீ. வரை விரிக்க முடிந்தது. போர்ஷேயின் 911 கரேரா ஆர்.எஸ். 2.7 சாலைக் காருக்கும் அதே விட்டம், அதே பூச்சு.

நிகாசிலுக்குப் பகை, கந்தகம் மிகுந்த பெட்ரோல். 1990-களில் பி.எம்.டபிள்யூ, ஜாகுவார் கார்கள் சிலவற்றில் பூச்சு அரித்துப்போனது. எரிபொருளைத் தேர்ந்து ஊற்றும் பந்தயக் குழுக்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.