கட்டுப்பல்லைப் பேணும் முறை

கிராமங்களில் வயது முதிர்ந்தோர் சிலர், கையிலிருந்த சேமிப்பைச் செலவிட்டோ, சங்கத்தில் நகையை ஈடு வைத்தோ கட்டுப்பல் வைத்துக்கொள்கின்றனர். சில மாதங்கள் சென்று பார்த்தால், அது வாயில் இராமல் மாடக்குழியிலோ, காகிதப் பொட்டலமாக அலமாரித் தட்டிலோ கிடக்கிறது. காரணம் கேட்டால், "குத்துகிறது", "நாறுகிறது", "கழன்று விழுகிறது" என்னும் மூன்றில் ஒன்று பதிலாக வரும். பல் கட்டிய வைத்தியரைக் குறை கூறுவதும் வழக்கம். வைத்தியர்மேல் தவறு இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஆயினும் பல சமயங்களில், வாங்கியவருக்கு அதைப் பராமரிக்கும் விதத்தை ஒருவரும் விளங்க எடுத்துரைக்காமையே காரணமாகும். ஏர் வாங்கினாலும், தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வாங்கினாலும், அதைப் பேணும் முறையைக் கேட்டறியாமல் எந்தக் குடியானவனும் வீடு திரும்புவதில்லை. வாய்க்குள் வைத்துக்கொள்ளும் பொருளுக்கு அதைக் காட்டிலும் அதிக ஜாக்கிரதை வேண்டுமன்றோ?

கட்டுப்பல்லுக்கு வேர் இல்லை. மேல்வரிசை, உமிழ்நீரின் மெல்லிய படலத்தைக்கொண்டு அண்ணத்தோடு ஒட்டி நிற்கிறது. கீழ்வரிசைக்கு அந்த வசதியும் குறைவு. நாக்கும் கன்னத் தசைகளும் அணைத்துப் பிடிப்பதனாலேயே அது நிலைக்கிறது. ஆகவே, சொந்தப் பற்களுக்கு இருந்த கடிக்கும் வலிமையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. முற்காலத்தில் இதன் அடிப்பாகம் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரால் செய்யப்பட்டு வந்தது. 1937-ஐ ஒட்டி அக்ரிலிக் என்னும் பிசின் வகை வழக்கத்துக்கு வந்தது. இன்றும் பெரும்பாலான கட்டுப்பற்கள் அதனாலேயே ஆனவை. இந்த அக்ரிலிக்கின் குணங்கள் மூன்றை அறிந்துகொண்டால், பராமரிப்பில் பெரும் பகுதி தானே விளங்கிவிடும். முதலாவது, அது சுலபமாகக் கீறல் விழக்கூடியது. இரண்டாவது, அது சிறிதளவு நீரை உட்கொண்டிருப்பது. உலர்ந்தால் அளவு மாறும். மூன்றாவது, கொதிநீர் பட்டால் உருவம் கோணும்.

பற்களைச் சாம்பலாலும், உமிக்கரியாலும், செங்கற்பொடியாலும் துலக்கிப் பழகியவர்கள், கட்டுப்பல்லையும் அவ்வாறே தேய்த்துப் பளபளப்பாக்க முயல்வதுண்டு. இதைப்போல் அதற்குத் தீங்கு விளைப்பது வேறில்லை. தேய்க்கத் தேய்க்கக் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஆயிரக்கணக்கில் உண்டாகும். அக்கீறல்களில் உணவுத் துணுக்கும் கிருமிகளும் தங்கும். பிறகு எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகாது. கடையில் விற்கும் பற்பசைகளிலும் உராய்வுப் பொடி சேர்ந்திருப்பதால், அவையும் இதற்கு ஏற்றவையல்ல. மென்மையான பிரஷும், சாதாரண சோப்பும், தண்ணீருமே போதும். ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் கழற்றி அலசுவது நலம். வயலிலோ சந்தையிலோ இருக்கும்போது இது இயலாவிடில், வாயையாவது நன்றாகக் கொப்பளித்து, இரவில் ஒரு முறை பிரஷைக்கொண்டு முழுமையாகத் தேய்ப்பதை மட்டும் விடலாகாது. வெளிப்புறத்தை மட்டும் துலக்குவோரே அதிகம். ஈறின்மேல் படியும் உட்புறமே அழுக்குச் சேரும் இடம். அண்ணத்தில் பொருந்தும் குழிவிலும், கம்பிக் கொக்கிகள் உள்ள இடத்திலும் பிரஷ் நன்கு படவேண்டும்.

கழுவும் இடமும் கவனிக்கத்தக்கது. கிணற்றடிக் கருங்கல்லின்மேலோ, சிமெண்டுத் தொட்டியின் விளிம்பிலோ நின்று கழுவும்போது சோப்பு வழுக்கிக் கை நழுவினால், கட்டுப்பல் இரண்டாகப் பிளந்துவிடும். கீழே பாதியளவு நீர் நிரப்பிய அகன்ற பாத்திரமோ, மடித்த துண்டோ இருந்தால், விழுந்தாலும் சேதமில்லை. கீழ்வரிசை குதிரை லாட வடிவில் இருப்பதனால், அதை உள்ளங்கையில் இறுகப் பற்றித் தேய்த்தால் நடுவில் முறியும். விரல் நுனிகளால் ஒரு பக்கத்தைப் பிடித்து அந்தப் பக்கத்தைத் தேய்த்து, பின்பு மறு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கிணற்று நீர் உப்பாக உள்ள ஊர்களிலும், வெற்றிலை பாக்கு மெல்லுவோரிடத்திலும், நாளடைவில் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவோ செங்கறையோ படிவதுண்டு. கத்தியாலோ ஊசியாலோ அதைச் சுரண்டலாகாது. வினிகர் என்னும் காடியைச் சம அளவு நீரில் கலந்து, அதில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிரஷினால் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலும் நீங்கும். நீங்காததை வைத்தியரிடம் கொடுத்துத்தான் துப்புரவு செய்யவேண்டும். கிணற்றுக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் இடும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து இரவெல்லாம் ஊறவைப்போரும் உளர். அதனால் நிறம் வெளுக்கும். உலோகக் கொக்கி இருந்தால் அரித்துப்போகும். அவ்வகைத் திரவத்தை வைத்தியர் சொன்னாலன்றி உபயோகிக்கக் கூடாது. சொன்னாலும் 10 நிமிஷத்துக்கு மேல் கூடாது. நுரைக்கும் மாத்திரைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை நீரில் இட்டு ஊறவைத்தபின் கட்டுப்பல்லை நன்றாக அலசியே வாயில் வைக்கவேண்டும். அவை விழுங்கும் மாத்திரைகள் அல்ல என்பதை வீட்டிலுள்ள முதியோருக்குத் தெளிவாகச் சொல்லி வைப்பது அவசியம்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது இராக்காலத்து விஷயம். பகலெல்லாம் உழுத எருதின் கழுத்திலிருந்து மாலையில் நுகத்தை இறக்காத குடியானவன் இல்லை. இறக்காவிட்டால் கழுத்துப் புண்ணாகும் என்பதை அவன் அறிவான். ஈறும் அவ்வாறே. நாள் முழுதும் அழுத்தத்தைத் தாங்கிய தோலுக்கு இரவில் ஓய்வும், உமிழ்நீரின் ஸ்பரிசமும் வேண்டும். இரவும் பகலும் கழற்றாதவருக்கு, கட்டுப்பல்லின் அடியில் கேண்டிடா என்னும் பூஞ்சக்காளான் வளர்ந்து, அண்ணம் இரத்தச் சிவப்பாகிவிடும். பெரும்பாலும் வலி இராததனால் பலர் இதை அறிவதே இல்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மேலும் எளிதில் பற்றும். அபாயம் வாயோடு நிற்பதுமில்லை. உறக்கத்தில் உமிழ்நீர் துளித்துளியாக மூச்சுக்குழலில் இறங்குவதுண்டு. அதோடு கட்டுப்பல்லில் வளரும் கிருமிகளும் நுரையீரலைச் சேரும். ஜப்பான் தேசத்தில் 85 வயதும் அதற்கு மேலும் ஆன 524 பேரை 3 வருஷ காலம் கவனித்து, 2015-ஆம் வருஷம் ஓர் ஆராய்ச்சி வெளியிடப்பட்டது. கட்டுப்பல்லோடு உறங்கினோருக்கு, கழற்றி வைத்து உறங்கினோரைவிட நிமோனியா காய்ச்சல் காணும் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததாக அதில் கண்டனர். அந்த வயதில் நிமோனியா உயிருக்கே உலை வைப்பது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வளவும் அறிந்தும் சிலர் கழற்றாமலிருப்பதற்குக் கூச்சமே காரணம். பொக்கை வாயுடன் மருமகளோ பேரப்பிள்ளைகளோ பார்த்துவிடக் கூடாதென்று எண்ணும் பெரியவர்களைக் குறை கூறுவது சரியன்று. விளக்கணைத்தபின் கழற்றி, விடியுமுன் அணிந்துகொண்டாலும் பாதகமில்லை. பகலில் தனித்திருக்கும் வேளையில் சில மணி நேரம் கழற்றி வைத்தாலும் நன்மை உண்டு. வீட்டாரும் அதைப் பரிகாசத்துக்குரிய பொருளாக ஆக்கலாகாது.

கழற்றியதைக் கழுவி, குளிர்ந்த நல்ல நீரில் மூழ்கும்படி வைக்கவேண்டும். நீரை நாள்தோறும் மாற்றவேண்டும். குடிநீர்ச் செம்பில் போட்டு வைத்து, விடியற்காலையில் யாரோ அந்நீரை வாசலில் கொட்ட, பல்வரிசை சாக்கடையில் போன கதைகள் உண்டு. நாயும் எலியும் இழுத்துச் செல்வதும் அபூர்வமன்று. மூடியுள்ள தனிப் பாத்திரம் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்வது உத்தமம்.

கட்டுப்பல்லைக் கழுவினால் போதும், வாயைத் துலக்க வேண்டுவதில்லை என்பது தவறான எண்ணம். காலையிலும் இரவிலும் ஈறையும், அண்ணத்தையும், நாக்கையும் நனைத்த மெல்லிய துணியாலோ மிருதுவான பிரஷாலோ துடைக்கவேண்டும். எஞ்சிய சொந்தப் பற்கள் இருந்தால் அவற்றை முன்னிலும் கவனமாகப் பேணவேண்டும். கொக்கி பிடித்திருக்கும் பல்லே முதலில் சொத்தையாவது. புகையிலை போடும் பழக்கமுள்ளவர்கள் வாரம் ஒரு முறையாவது கண்ணாடியில் வாயைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ காணப்பட்டால், "பல்செட் உரசியதுதான்" என்று அலட்சியமாய் இராமல், உடனே ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும். புற்றுநோய் ஆரம்பத்தில் இவ்விதமாகவே தோன்றும்.

புதிதாகக் கட்டியவருக்கு முதல் சில வாரங்கள் சிரமமானவை. உமிழ்நீர் மிகுதியாக ஊறும், பேச்சுக் குழறும். தினசரிப் பத்திரிகையையோ புராணத்தையோ உரக்கப் படித்து வந்தால் நாக்குப் பழகிவிடும். இட்லி, குழைந்த சோறு போன்றவற்றில் தொடங்கி, சிறு கவளங்களாக இரு புறமும் வைத்து மெல்லவேண்டும். ஒரு புறம் மட்டும் மென்றால் மறு புறம் தூக்கும். கொய்யாவையும் தேங்காயையும் முன்பல்லால் கடிக்காமல் நறுக்கி உண்பதே முறை. குத்தும் இடத்தை வீட்டு அரத்தால் ராவிக்கொள்வது பெருங்கேடு. வைத்தியரிடம் போகும் நாளில் அதைச் சில மணி நேரமாவது அணிந்து சென்றால்தான், புண்ணின் தடம் தெரிந்து, அவர் சரியான இடத்தைத் தேய்த்துக் கொடுக்க இயலும்.

பல் இழந்த தாடையெலும்பு காலப்போக்கில் தேய்ந்துகொண்டே வரும். முதல் வருஷத்தில் தேய்மானம் மிக அதிகம். கீழ்த்தாடையில் மேல்தாடையைவிட விரைவு. கட்டுப்பல் மாறாமலிருக்க, அடியிலுள்ள தரை இறங்குகிறது. அதனாலேயே ஒரு காலத்தில் கச்சிதமாக இருந்தது பின்னர் ஆடுகிறது. இதற்கு உட்புறத்தில் புதிய பூச்சு இட்டுப் பொருத்தும் முறை உண்டு. வருஷம் ஒரு முறை காட்டி வருவதும், ஐந்து முதல் ஏழு வருஷத்தில் புதிது செய்துகொள்ள நேரலாம் என்று அறிந்திருப்பதும் நல்லது. ஒட்டும் பசையை மேன்மேலும் அப்பித் தளர்ச்சியை மறைப்பது பயன்தராது. துத்தநாகம் சேர்ந்த பசையை மட்டுமீறி வருஷக்கணக்காக உபயோகித்தவர்களுக்கு நரம்புத் தளர்ச்சி கண்டதுண்டு.

சந்தைகளிலும் திருவிழாக்களிலும் கடை விரித்து, ஒரே மணி நேரத்தில் பல் கட்டுவோரைப் பற்றிக் கட்டாயம் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சட்டப்படி, பதிவு பெற்ற பல் வைத்தியரே இத்தொழிலைச் செய்யலாம். மேற்படியார் பொடியையும் திரவத்தையும் குழைத்து நேரே ஈறின்மேல் அப்பி, பக்கத்துப் பற்களோடு கம்பியால் பிணைத்துவிடுகின்றனர். அது இறுகும்போது சூடேறி ஈறு வேகும். அழுகிய வேர்களும் உள்ளேயே மூடப்பட்டுவிடும். இரவில் கழற்ற முடியாத கட்டுப்பல் என்பதே அதன் பெருந்தோஷம். சுத்தம் செய்ய வழியின்றி, பிணைக்கப்பட்ட நல்ல பற்களும் சில வருஷங்களில் ஆடி விழும். மலிவாகக் கிடைத்ததென்று எண்ணியவர், இருந்த பற்களையும் இழந்து நிற்பார். சென்னையில் 1953 முதலும், புதுக்கோட்டையில் 2023 முதலும் அரசினர் பல் மருத்துவக் கல்லூரிகள் நடந்து வருகின்றன. அவ்விடங்களுக்குப் போக இயலாதவர்கள் அருகிலுள்ள அரசினர் ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் முதலில் விசாரிக்கலாம்.

முறிந்துபோன கட்டுப்பல்லைக் கடையில் விற்கும் ஒட்டுப்பசையால் ஒட்டக்கூடாது. பசை வாய்க்கு ஆகாதது. சிறிது கோணலாக ஒட்டிவிட்டால் பின்பு வைத்தியராலும் பொருத்த முடியாது. உடைந்த துண்டுகள் அனைத்தையும், மிகச் சிறியதையும் விடாமல், ஈரத்துணியில் சுற்றி எடுத்துச் செல்லவேண்டும். ஒரு துண்டு காணாமற்போய், அதை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், பல் வைத்தியரிடம் போகுமுன் பொது வைத்தியரிடம் சென்று படம் எடுத்துப் பார்க்கவேண்டும். கடுமையான காய்ச்சலில் நினைவு தப்பியவருக்கும், சத்திரசிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கப்படுபவருக்கும் கட்டுப்பல் இருப்பதை வீட்டார் முன்னதாகவே ஆஸ்பத்திரியில் தெரிவித்து, அதைக் கழற்றி வாங்கி, பெயரெழுதிய பாத்திரத்தில் நீரிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.